பழைய மோட்டோ குட்ஸி மோட்டார் சைக்கிளில் பிந்தைய எஞ்சினைப் பொருத்துதல்

பழைய மோட்டோ குட்ஸியில் பிந்தைய எஞ்சினைப் பொருத்துதல் என்பது, 1960-களிலும் 1970-களிலும் வெளிவந்த மோட்டோ குட்ஸி நிறுவனத்தின் பெரிய மோட்டார் சைக்கிள்களில், தேய்ந்தோ உடைந்தோ போன மூல எஞ்சினுக்குப் பதிலாக அதே குடும்பத்தில் பின்னாளில் வந்த எஞ்சினைப் பொருத்தி ஓட்டும் பணியைக் குறிக்கும். இத்தாலிய மோட்டார் சைக்கிள்களில் இவ்வகை மாற்றம் அதிகமாக நடப்பது இந்த நிறுவனத்தின் வண்டிகளில்தான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எஞ்சினின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாததே இதற்குக் காரணம். எனினும் எஞ்சின் சட்டகத்தில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் வேலை முடிந்ததாகாது. மின்சாரம், பற்றவைப்பு, எண்ணெய், காற்றுப்போக்கி, பிரேக், பதிவு ஆவணம் ஆகிய அனைத்தையும் புதிய எஞ்சினுக்கு ஏற்பச் சரிசெய்தால்தான் வண்டி நம்பகமாக ஓடும்.

வரலாற்றுப் பின்னணி

மோட்டோ குட்ஸி நிறுவனம் 1921-ஆம் ஆண்டு கார்லோ குட்ஸி, ஜோர்ஜியோ பரோடி ஆகியோரால் நிறுவப்பட்டது. இதன் தொழிற்சாலை வட இத்தாலியில் கோமோ ஏரிக்கரையிலுள்ள மாண்டெல்லோ டெல் லாரியோ என்னும் ஊரில் உள்ளது. நீண்ட காலம் கிடைமட்ட ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்குப் பெயர் பெற்றிருந்த இந்நிறுவனம், 1960-களில் ஜூலியோ செசாரே கார்கானோ என்னும் பொறியாளர் வடிவமைத்த புதிய எஞ்சினுக்கு மாறியது. இரு சிலிண்டர்கள் 90 பாகைக் கோணத்தில் விரிந்து வண்டியின் இருபுறமும் வெளியே தெரியும்படி நிற்க, கிராங்க் தண்டு முன்பின்னாகப் படுத்திருக்கும். பின்சக்கரத்திற்குச் சங்கிலி கிடையாது. கார்டன் தண்டு வழியாகவே ஆற்றல் செல்லும். இந்த எஞ்சினைக் கொண்ட வி7 என்னும் வண்டி 1965-இல் மிலான் கண்காட்சியில் காட்டப்பட்டு, 1967 முதல் விற்பனைக்கு வந்தது.

அதன் பின் எஞ்சின் படிப்படியாக வளர்ந்தது. சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் ஓடும் நீளம் ஆகியவற்றைக் கொண்டு அவ்வளர்ச்சியைக் காணலாம்.

வி7: 80 x 70 மி.மீ., 703 சிசி
வி7 ஸ்பெஷல், அம்பாசிடர்: 83 x 70 மி.மீ., 757 சிசி
வி7 ஸ்போர்ட்: 82.5 x 70 மி.மீ., 748 சிசி
850 ஜிடி, எல்டொராடோ, 850 டி, 850 டி3, 850 லெ மான்: 83 x 78 மி.மீ., 844 சிசி
வி1000 கன்வெர்ட், 1000 எஸ்பி, லெ மான் 1000: 88 x 78 மி.மீ., 949 சிசி
கலிஃபோர்னியா 1100: 92 x 80 மி.மீ., 1064 சிசி

703 சிசியில் தொடங்கி 1064 சிசி வரை சென்றபோதும், எஞ்சினின் பின்முகம் கியர்பெட்டியோடு சேரும் அமைப்பு தொடர்ந்து வந்தது. நிலையை மாற்றாமல் கதவை மட்டும் புதிதாக மாட்டுவது போன்ற வசதியை இது தந்தது. அந்த நிலையில் எந்தெந்த இடம் மாறியது என்று தெரிந்துகொள்வதே இப்பணியின் முதற்பாடம்.

எஞ்சினை மாற்றும் தேவை

ஆற்றலைக் கூட்டும் விருப்பம் ஒரு காரணமாக இருந்தாலும், பெரும்பாலான மாற்றங்களுக்குப் பின்னால் இருப்பது தேய்மானமே. இந்த வண்டிகள் பல காவல் துறைகளில் பணியாற்றியவை. இத்தாலியக் காவல்துறையும், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையும் இவற்றைப் பயன்படுத்தின. கலிஃபோர்னியா என்னும் மாதிரிப் பெயரே அந்த அமெரிக்கத் தொடர்பினால் வந்தது.

தேய்மானத்தைவிட ஆபத்தானது குரோமிய உரிதல். 1980-களின் தொடக்கம் வரை வந்த பல மாதிரிகளில் அலுமினியச் சிலிண்டரின் உட்சுவரில் கடினக் குரோமிய முலாம் பூசப்பட்டிருந்தது. எடை குறைவு, வெப்பம் விரைவாக வெளியேறுதல் ஆகியவை இதன் நன்மைகள். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, குறிப்பாக நீண்ட காலம் ஓட்டாமல் ஈரத்தில் நின்ற வண்டிகளில், இந்த முலாம் செதில் செதிலாக உரியத் தொடங்கும். குரோமியம் மிகக் கடினமானது. உரிந்த துகள் எண்ணெயோடு கலந்து கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்குச் சென்றால் அவற்றை அரம்போல் அராவிவிடும்.

பழைய எஞ்சின்களில் இந்தத் துகள்களைத் தடுக்க ஒரு கம்பி வலை மட்டுமே இருந்தது. மாற்றத்தக்க ஆயில் பில்டர் 1975-இல் வந்த 850 டி3 மாதிரியில்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே பழைய வண்டியின் முலாம் உரிந்திருப்பது தெரிந்த பின்னும் தொடர்ந்து ஓட்டினால், சிலிண்டரில் தொடங்கிய கேடு முழு எஞ்சினையும் அழிக்கும். பின்னாளைய எஞ்சின்களில் குரோமியத்திற்குப் பதிலாக நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த நிகுசில் என்னும் பூச்சு வந்தது. அது உரிவதில்லை.

இங்கு ஒன்றை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். முலாம் உரியத் தொடங்கிய நிலையிலேயே கண்டுபிடித்து, கிராங்க் தண்டும் பேரிங்குகளும் நன்றாக இருந்தால், முழு எஞ்சினையும் மாற்ற வேண்டிய தேவை இல்லை. நிகுசில் பூச்சுள்ள புதிய சிலிண்டரும் பிஸ்டனும் இணையாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்தி, எண்ணெய் வழிகளைத் துப்புரவாக்கினால் மூல எஞ்சினே மீண்டும் உழைக்கும். கிராங்க் தண்டு கெட்டுப்போனது, எஞ்சின் கூடு உடைந்தது, வாங்கும்போதே எஞ்சின் இல்லாமல் வந்தது போன்ற நிலைகளில்தான் மாற்று எஞ்சின் தேவையாகிறது.

இரு வகைச் சட்டகங்கள்

எந்த எஞ்சினை எந்த வண்டியில் பொருத்தலாம் என்பதைச் சட்டகமே முடிவு செய்கிறது. பெரிய குட்ஸி வண்டிகளில் இரு வகைச் சட்டகங்கள் உள்ளன.

முதல் வகை வி7 முதல் எல்டொராடோ வரை பயன்பட்ட வளையச் சட்டகம். இதை ஆர்வலர்கள் லூப் ஃபிரேம் என்பர். இரு குழாய்கள் எஞ்சினுக்கு முன்னால் இறங்கி, அடியில் ஓடி, பின்னால் மேலேறும். கீழ்க்குழாய்கள் சட்டகத்தோடு ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. எனவே எஞ்சினைப் பக்கவாட்டில்தான் வெளியே எடுக்க வேண்டும். இவ்வகை எஞ்சினில் டைனமோ இரு சிலிண்டர்களுக்கும் நடுவே, எஞ்சினின் உச்சியில் அமர்ந்து, முன்னாலிருந்து பெல்ட்டால் சுழற்றப்படும். அதற்கு இடம் விட வேண்டியிருந்ததால் சட்டகமும் பெட்ரோல் தொட்டியும் உயரமாக இருந்தன.

இரண்டாம் வகை லீனோ டோண்டி என்னும் பொறியாளர் வடிவமைத்தது. 1971-இல் வந்த வி7 ஸ்போர்ட் வண்டிக்காக அவர் டைனமோவை நீக்கி, கிராங்க் தண்டின் முன்முனையில் ஆல்டர்னேட்டரை வைத்தார். உச்சியில் இடம் கிடைத்ததால் சட்டகத்தின் முதுகுக் குழாயைச் சிலிண்டர்களுக்கு நடுவே தாழ்வாகக் கொண்டுபோக முடிந்தது. வண்டி தாழ்ந்து, ஓட்டத்தில் நிலைத்தன்மை கூடியது. டோண்டி சட்டகத்தின் கீழ்க்குழாய்களைத் திருகாணிகளைக் கழற்றி எடுத்துவிடலாம். எஞ்சினைத் தரையில் தாங்கி நிறுத்தி, சட்டகத்தையே மேலே தூக்குவது இவ்வகை வண்டிகளில் வழக்கமான முறையாகும். இச்சட்டகத்தின் வழிவந்தவை கலிஃபோர்னியா வரிசையில் 2010-களின் தொடக்கம் வரை பயன்பட்டன.

இதிலிருந்து இரு வகை மாற்றங்கள் உருவாகின்றன.

பழைய டோண்டி சட்டகத்தில் பிந்தைய டோண்டி எஞ்சின்: எளியது. 850 டி3 வண்டியில் 949 சிசி எஞ்சினைப் பொருத்துவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.
வளையச் சட்டகத்தில் டோண்டி காலத்து எஞ்சின்: கூடுதல் வேலை உடையது. மின்சார அமைப்பு முழுவதும் மாறும்.

பழைய வளையச் சட்டக எஞ்சினை டோண்டி சட்டகத்தில் வைப்பது வழக்கமில்லை. உச்சியிலுள்ள டைனமோவுக்கு அச்சட்டகத்தில் இடமே இராது.

மாற்று எஞ்சினைத் தெரிவு செய்தல்

844 சிசி, 949 சிசி எஞ்சின்கள் இரண்டிலும் பிஸ்டன் ஓடும் நீளம் 78 மி.மீ. ஆகும். கார்புரேட்டர் உடையவை, எளிய பற்றவைப்பு கொண்டவை. முதன்முறை இப்பணியில் இறங்குவோருக்கு இவையே ஏற்றவை. ஆயில் பில்டர் உள்ள 850 டி3 அல்லது அதற்குப் பிந்தைய எஞ்சினைத் தேர்வதால், பழைய வண்டியின் பெரிய குறை ஒன்று தானாகவே தீர்கிறது.

வி1000 கன்வெர்ட் வண்டியிலிருந்து எடுத்த 949 சிசி எஞ்சினாக இருந்தால் ஒரு எச்சரிக்கை தேவை. கன்வெர்ட் வண்டி தானியங்கி வகையைச் சேர்ந்தது. அதன் எஞ்சினின் பின்னால் டார்க் கன்வெர்ட்டர் என்னும் எண்ணெய்வழி இணைப்பு உள்ளது. சாதாரணக் கியர்பெட்டியோடு சேர்க்க வேண்டுமானால் பிளைவீலையும் கிளட்சையும் வேறு எஞ்சினிலிருந்து தேடிக்கொள்ள வேண்டும். எஞ்சின் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய பின் இதைக் கண்டுபிடிப்போர் உண்டு.

1064 சிசி எஞ்சின் கார்புரேட்டருடனும், எரிபொருள் பீய்ச்சும் மின்னணு முறையுடனும் விற்கப்பட்டது. மின்னணு முறையில் வந்ததானால் அதன் உணரிகள், கட்டுப்பாட்டுப் பெட்டி, அழுத்தம் கூடிய பெட்ரோல் பம்ப், தொட்டிக்குத் திரும்பும் குழாய் என முழு அமைப்பையும் கொண்டுவர வேண்டும். இல்லையேல் கார்புரேட்டரையும் தனிப் பற்றவைப்பையும் பொருத்த வேண்டும். பாதியை எடுத்துப் பாதியை விடுவது பலன் தராது.

பழைய எஞ்சின் எதுவாயினும் வாங்குமுன் அடித்தட்டைக் கழற்றி எண்ணெயில் உலோகத் துகள் உள்ளதா என்று பார்ப்பது நல்லது. முதல் எஞ்சினைக் கெடுத்த அதே குரோமியச் சிலிண்டர்கள் மாற்று எஞ்சினிலும் இருக்கக்கூடும். 1970-களின் எஞ்சினை வாங்குவோர், புதிய சிலிண்டர் இணையின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாறாதவையும் மாறியவையும்

கியர்பெட்டி: பழைய வண்டியின் கியர்பெட்டியை அப்படியே வைத்துக்கொள்வதே பெரும்பாலும் சிறந்தது. பின்சக்கரத் தண்டு, கியர் மிதி, ஸ்பீடோமீட்டர் கேபிள் ஆகியவை அதனோடு பொருந்தியிருக்கும். வளையச் சட்டக வண்டிகளில் கியர் மிதி வலப்புறத்தில் உள்ளது. 1975-க்குப் பின் வந்த கியர்பெட்டிகளில் அது இடப்புறத்திற்கு மாறியது. கியர்பெட்டியையும் சேர்த்து மாற்றினால் பிரேக் மிதியின் இடமும் மாற வேண்டியிருக்கும்.

கிளட்ச்: பிளைவீலின் உட்பள்ளத்தில் அமரும் உலர்வகை இரட்டைத் தட்டுக் கிளட்ச் இவ்வண்டிகளில் உள்ளது. கியர்பெட்டித் தண்டின் பள்ளங்களும் கிளட்ச் தட்டின் பற்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கையில் வைத்துப் பார்த்த பிறகே பூட்ட வேண்டும்.

வால்வு இயக்கம்: பழைய எஞ்சின்களில் காம் தண்டைப் பற்சக்கரங்கள் சுழற்றின. பிந்தையவற்றில் சங்கிலி வந்தது. இது எஞ்சினுக்கு உள்ளேயே இருப்பதால் பொருத்துவோருக்குத் தடையில்லை. ஆனால் சங்கிலியின் தளர்வைச் சரிபார்க்க எஞ்சின் வெளியே இருக்கும்போதே நல்ல வாய்ப்பு.

முன்பக்க நீளம்: டோண்டி காலத்து எஞ்சினின் முன்னால் ஆல்டர்னேட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். வளையச் சட்டகத்தில் வைக்கும்போது அதன் மூடிக்கும் முன்குழாய்களுக்கும் அவற்றில் பூட்டியுள்ள பொருள்களுக்கும் இடையே இடைவெளி எவ்வளவு என்று முன்கூட்டியே அளக்க வேண்டும்.

அகலம்: சதுர வடிவச் சிறகுகள் கொண்ட பிந்தைய சிலிண்டர்களும் மூடிகளும் பழைய வட்ட வடிவத்தோடு ஒத்தவை அல்ல. பாதுகாப்புக் கம்பிகள் அவற்றில் இடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பொருத்தும் முறை

முதலில் பழைய எஞ்சினைக் கழற்றுமுன் ஒவ்வொரு வயரும் குழாயும் கேபிளும் எங்கிருந்து எங்குச் செல்கிறது என்று படமெடுத்து, சீட்டுக் கட்டி வைப்பது வழக்கம். எஞ்சின் தனியொருவர் தூக்கக்கூடிய எடை அன்று. தூக்குசாதனமும் உதவிக்கு இன்னொருவரும் வேண்டும். பேட்டரி இணைப்பைத் துண்டித்து, பெட்ரோல் தொட்டியை அகற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

பிளைவீல்: இது கிராங்க் தண்டின் பின்முனையில் ஆறு திருகாணிகளால் பூட்டப்படுவது. துளைகள் சம இடைவெளியில் இருப்பதால் தவறான நிலையிலும் எளிதாகப் பொருந்திவிடும். பிளைவீலில் உள்ள அம்புக்குறி கிராங்க் தண்டின் பிஸ்டன் தாங்கும் பகுதியை நோக்கியே இருக்க வேண்டும். தவறாகப் பூட்டினால் சமநிலை கெட்டு எஞ்சின் அதிரும். பற்றவைப்பு நேரக் குறிகளும் பொய்யாகும். அக்குறிகளில் உள்ள எஸ் என்னும் எழுத்து இத்தாலிய மொழியில் இடப்பக்கத்தையும், டி என்னும் எழுத்து வலப்பக்கத்தையும் குறிக்கும். பிளைவீல் திருகாணிகளைப் புதிதாகவே பூட்ட வேண்டும். இந்த இடம் திறந்திருக்கும்போதே எஞ்சினின் பின் ஆயில் சீலையும், கியர்பெட்டியின் முன் ஆயில் சீலையும் மாற்றிவிடுவது அறிவுடைமை. இவற்றுள் எது கசிந்தாலும் எண்ணெய் உலர் கிளட்சின்மீது படிந்து வழுக்கும். பின்னர் அதைச் சரிசெய்ய மீண்டும் எஞ்சினையும் கியர்பெட்டியையும் பிரிக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர்: அதன் சிறு பற்சக்கரமும் பிளைவீலின் வெளிப்பல் வளையமும் ஒரே அளவுப் பற்கள் கொண்டவையாக இருக்க வேண்டும். வெவ்வேறு காலத்து ஸ்டார்ட்டர்களில் பற்களின் எண்ணிக்கை வேறுபடுகிறது. ஆகவே பிளைவீல் எந்த எஞ்சினிலிருந்து வந்ததோ, அதற்குரிய ஸ்டார்ட்டரையே பயன்படுத்துவது பாதுகாப்பானது.

மின்னேற்றம்: வளையச் சட்டக வண்டிகளில் இதுவே மிகப் பெரிய மாற்றம். பிந்தைய எஞ்சின் கூட்டின் உச்சியில் டைனமோவைத் தாங்கும் அமைப்பு இல்லை. எனவே பழைய டைனமோவும் அதன் ரெகுலேட்டரும் நீங்கி, ஆல்டர்னேட்டரும் அதற்குரிய டயோடு பலகையும் தனி ரெகுலேட்டரும் இடம்பெறும். டைனமோ நேர்மின்சாரத்தைத் தந்தது. ஆல்டர்னேட்டர் தருவது மாறுமின்சாரம். அதை நேர்மின்சாரமாக மாற்றுவது டயோடு பலகையின் வேலை. பழைய ரெகுலேட்டரை இதில் பயன்படுத்த முடியாது.

இந்த ஆல்டர்னேட்டரில் ஒரு நுட்பம் உண்டு. அது தொடக்கத்தில் காந்தத்தன்மை பெறத் தேவையான சிறு மின்சாரம், ஓட்டுநருக்கு எதிரேயுள்ள சிவப்பு எச்சரிக்கை விளக்கு வழியாகவே செல்கிறது. அந்த விளக்கு எரிந்துபோனாலோ, புதிய வயரிங்கில் அதை விட்டுவிட்டாலோ, மின்னேற்றம் தொடங்காமல் போகலாம். பல நாள்கள் ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டியவர்கள் இறுதியில் சிறு பல்பை மாற்றித் தீர்வு கண்டதுண்டு. சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதே முதல் சோதனை.

பற்றவைப்பு: வளையச் சட்டக எஞ்சின்களில் ஒரு காயிலும், மூடியும் சுழலும் கையும் கொண்ட டிஸ்ட்ரிபியூட்டரும் இருந்தன. 1970-களின் டோண்டி எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாயிண்டும் தனித்தனிக் காயிலும் உண்டு. ஆகவே வண்டியில் இரண்டாவது காயிலுக்கு இடமும் வயரும் ஏற்படுத்த வேண்டும். இரு சிலிண்டர்களின் நேரத்தையும் தனித்தனியே அமைக்க வேண்டும்.

எரிபொருள்: எல்டொராடோவில் 29 மி.மீ., 850 டி3-இல் 30 மி.மீ., 850 லெ மான் வண்டியில் 36 மி.மீ. டெல்லோர்டோ கார்புரேட்டர்கள் இருந்தன. கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்த்து வாங்குவது நல்லது. பெரிய கார்புரேட்டர் என்றால் கூடுதல் ஆற்றல் என்று எண்ணி மாற்றினால் குறைந்த வேகத்தில் வண்டி திணறும். கேபிள்களின் நீளத்தையும், கைப்பிடியை முழுவதும் திருப்பும்போது எங்கும் சிக்காமல் செல்வதையும் பார்க்க வேண்டும்.

காற்றுப்போக்கி: பிஸ்டன்கள் இறங்கும்போது எஞ்சின் கூட்டுக்குள் அழுத்தம் கூடும். அதை வெளியேற்றும் குழாயும், கூடவே வரும் எண்ணெயைப் பிரித்துத் திருப்பி அனுப்பும் சிறு பெட்டியும் தேவை. பிந்தைய சில மாதிரிகளில் சட்டகத்தின் முதுகுக் குழாயே அந்தப் பெட்டியாகப் பயன்பட்டது. அத்தகைய எஞ்சினை வேறு சட்டகத்தில் வைக்கும்போது அந்தப் பெட்டி காணாமல் போகிறது. பழைய வண்டியின் காற்றுப்போக்கிப் பெட்டியை இணைப்பது, எண்ணெய் திரும்பும் வழியைத் திறந்து வைப்பது ஆகியவை கட்டாயம். குழாயை அடைத்துவிட்டால் எண்ணெய் எல்லாச் சீல்களின் வழியாகவும் கசியும்.

முதல் ஓட்டம்

எண்ணெய் ஊற்றிய உடனே எஞ்சினை இயக்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் வயர்களை உலோகத்தில் தொடவைத்து, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் இடைவெளி விட்டுச் சுழற்ற வேண்டும். எண்ணெய் பேரிங்குகளை எட்டிய பிறகே பிளக்குகளை மாட்டி இயக்க வேண்டும்.

வால்வு இடைவெளி, பற்றவைப்பு நேரம், எண்ணெய் அளவு, திருகாணி இறுக்கம் ஆகிய அனைத்தும் எஞ்சினுக்கு உரியவை. சட்டகத்துக்கு உரியவை அல்ல. வண்டி எல்டொராடோ என்பதற்காக அதன் கையேட்டைப் பார்த்து 949 சிசி எஞ்சினுக்கு அளவு வைப்பது அடிக்கடி நேரும் பிழை. பின்னாளில் வண்டியை வாங்குவோரும் இதே பிழையைச் செய்யாதிருக்க, எந்த எஞ்சின், எந்த அளவுகள் என்று எழுதி வண்டியின் கருவிப் பையிலேயே வைத்துவிடுவது நல்ல பழக்கம்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றி, சிலிண்டர் தலைப்பகுதித் திருகாணிகளையும் வால்வு இடைவெளியையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். டோண்டி காலத்து எஞ்சின்களில் பில்டர் அடித்தட்டுக்கு உள்ளே இருப்பதால், அதை மாற்றுவதற்கு அடித்தட்டு முழுவதையும் கழற்ற வேண்டும். தொல்லையாகத் தோன்றினாலும், தட்டில் என்ன படிந்துள்ளது என்பதை நேரில் காண இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

பிரேக்கும் பாதுகாப்பும்

எஞ்சின் வளர்ந்தபோது தொழிற்சாலை பிரேக்கையும் வளர்த்தது. 1960-களின் வி7 வண்டி டிரம் பிரேக் கொண்டது. 1975-இன் 850 டி3 வண்டியில் மூன்று டிஸ்க் பிரேக்குகளும், மிதியை அழுத்தினால் முன்பின் இரண்டும் சேர்ந்து இயங்கும் இணைப்பும் வந்தன. பழைய வளையச் சட்டக வண்டியில் 949 சிசி எஞ்சினை வைப்பவர், தொழிற்சாலை தந்த அந்த ஒழுங்கைக் கலைக்கிறார். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி. ஓடும் வேகம் கூடிவிட்டது. நிற்கும் ஆற்றல் 1960-களிலேயே இருக்கிறது.

எனவே எஞ்சின் மாற்றத்தோடு பிரேக் கட்டைகள், டிரம்மின் உட்பரப்பு, கேபிள்கள், டயர்கள், முன் ஷாக் அப்சார்பர்கள், பின் ஆட்டுக்கையின் பேரிங்குகள் ஆகியவற்றையும் புதுப்பிப்பது இன்றியமையாதது. டிரம் பிரேக்கை வைத்துக்கொள்வோர், வண்டியின் பழைய வேகத்திலேயே ஓட்டுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். பெரிய எஞ்சினைக் குறைந்த சுழற்சியில் நிதானமாக ஓட்டுவதே இம்மாற்றத்தின் உண்மையான சுகம் என்பது பல உரிமையாளர்களின் கருத்து.

ஆவணங்கள்

இத்தாலியில் வண்டியின் பதிவுச் சான்றில் எஞ்சின் வகைக் குறியீடு இடம்பெறும். வேறு வகை எஞ்சினைப் பொருத்தினால் அதிகாரிகளின் ஆய்வும் ஒப்புதலும் பெற்றுச் சான்றைத் திருத்த வேண்டும். பிரித்தானியாவில் எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் பதிவேட்டில் உள்ளதால் மாற்றத்தை உரிய துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவின் சில மாநிலங்களில் பழைய மோட்டார் சைக்கிள்களின் உரிமைச் சான்று எஞ்சின் எண்ணின் பெயரிலேயே வழங்கப்பட்டிருக்கலாம். அவ்வாறிருந்தால் பழைய எஞ்சினை விற்பது, வண்டியின் அடையாளத்தையே விற்பதற்கு ஒப்பாகும். காப்பீட்டு நிறுவனத்திற்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். எஞ்சின் எண்ணை அழிப்பதோ பழைய எண்ணைப் புதிய கூட்டில் பொறிப்பதோ குற்றமாகும்.

மூலத்தன்மை குறித்த விவாதம்

பழைய வண்டிகளைப் பேணுவோரிடையே எஞ்சின் மாற்றம் குறித்து இரு கருத்துகள் உள்ளன. சட்டகமும் எஞ்சினும் ஒரே காலத்தில் தொழிற்சாலையைவிட்டு வெளிவந்தவையாக இருந்தால்தான் அவ்வண்டி வரலாற்றுச் சான்றாகும் என்பது ஒரு கருத்து. ஆட்டோமோட்டோகிளப் ஸ்டோரிகோ இத்தாலியானோ போன்ற அமைப்புகள் பழைய வண்டிகளுக்குச் சான்றளிக்கும்போது மூலத்தன்மையைக் கவனிக்கின்றன. விற்பனையிலும் மூல எஞ்சினுள்ள வண்டிக்கு மதிப்பு அதிகம். ஓடாமல் மூலையில் நிற்கும் மூல வண்டியைவிட, வேறு எஞ்சினோடு சாலையில் ஓடும் வண்டியே உயிருள்ளது என்பது மற்றொரு கருத்து.

இரண்டுக்கும் இடம் தரும் வழி, மீட்கத்தக்க முறையில் மாற்றுவது. சட்டகத்தில் எதையும் வெட்டாமல், துளையிடாமல், பற்றவைக்காமல் வேலையைச் செய்ய வேண்டும். பழைய வயரிங்கை வெட்டாமல் எடுத்துச் சுருட்டி வைத்து, புதிய எஞ்சினுக்குத் தனி வயரிங் செய்யலாம். பழைய எஞ்சினையும் டைனமோவையும் எண்ணெய் பூசித் துளைகளை அடைத்து உலர்ந்த இடத்தில் வைத்து, வண்டியை விற்கும்போது அவற்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இன்று பழுதென ஒதுக்கப்படும் கிராங்க் தண்டைப் பின்னொரு நாள் ஒருவர் சீர்செய்யக்கூடும். வெட்டிய சட்டகத்தை முன்பிருந்தபடி ஆக்குவது கடினம்.

ஒத்த மாற்றங்கள்

பிற இத்தாலிய வண்டிகளிலும் இத்தகைய மாற்றங்கள் உண்டு. 1979-இல் வந்த டுகாட்டி 500 பான்டா வழியில் வந்த எஞ்சின்கள் பல்லாண்டுகள் தொடர்ந்தன. ஆனால் அவற்றுள் பலவற்றில் பின் ஆட்டுக்கை எஞ்சின் கூட்டிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், எஞ்சினை மாற்றும்போது பின்சக்கர அமைப்பின் பொருத்தத்தையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவோடு தொடர்புடைய எடுத்துக்காட்டு லாம்பிரெட்டா ஸ்கூட்டர். மிலானில் இன்னொசென்டி நிறுவனம் இதன் உற்பத்தியை 1971-இல் நிறுத்திய பின், அதன் இயந்திரங்கள் இந்தியாவுக்கு வந்தன. லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் விஜய் சூப்பர் போன்ற வண்டிகளை உருவாக்கியது. அங்குச் செய்யப்பட்ட எஞ்சின்கள் பின்னர் பிரித்தானியாவில் பழைய இத்தாலிய லாம்பிரெட்டாக்களில் பொருத்தப்பட்டன. தாய் நிறுவனம் கைவிட்ட வண்டிகள் லக்னோ எஞ்சினோடு மீண்டும் சாலைக்கு வந்தன.